பாதி ஷட்டர்

எங்கள் அரசுப் பள்ளிக்கூடம் சில வருடங்கள் ஒரு மாலில் நடந்தது. மால் என்றதும் ஓடும் படிக்கட்டும் ஏசியும் கண்ணுக்குள் வந்தால் அழித்துவிடுங்கள். ஜவ்வாது மலை மேல், அடிவாரத்திலிருந்து ஏறி வரும் பஸ் மூச்சு வாங்கி நிற்கிற முச்சந்தியில், சாலையைப் பார்த்தபடி வரிசையாகக் கடைகள், மாடியில் ஒரு பெரிய கூடம். அவ்வளவுதான் மால். ரியல் எஸ்டேட்டில் காசு பார்த்த அடிவாரத்து ஆள் ஒருவர் கட்டினார். அருவி பார்க்கவும் குளிர் அனுபவிக்கவும் ஜனங்கள் காரில் வந்து குவியப் போகிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். வராமல் இல்லை, கோடையில் வந்தார்கள். வரும்போதே பிரியாணியையும் தண்ணீர் பாட்டிலையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். கொரோனாவில் மூடிய ஷட்டர்கள் பிறகு திறக்கவே இல்லை.

எங்கள் பழைய கட்டடத்தில் விரிசல் விழுந்தது அதற்குப் பிறகுதான். இன்ஜினியர் வந்து பார்த்தார், இடிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். எழுதின வேகத்தில் இடித்தும் விட்டார்கள். கட்டுவதற்குத்தான் அந்த வேகம் வரவில்லை. கொஞ்ச நாள் மரத்தடியில் நடத்தினோம். மழை பிடித்ததும் சமுதாயக்கூடத்தில் நடத்தினோம். முகூர்த்த நாள் வந்தால் பள்ளிக்கு விடுமுறை. கடைசியில் அந்த மால் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் சிரித்தேன். மறுநாள் பெஞ்சு தூக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

ஆறாம் வகுப்பு பேக்கரியில். மழை நாளில் சுவரிலிருந்து வனஸ்பதி வாசனை கிளம்பி, பத்தரை மணிக்கே பிள்ளைகளுக்குப் பசியெடுக்கும். ரெடிமேட் துணிக்கடையில் ஒன்பதாம் வகுப்பு. அங்கே ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. மனிதனின் செரிமான மண்டலம், இந்தியாவின் ஆறுகள் என்று இருக்கிற வரைபடங்களையெல்லாம் ஒட்டி அதை மறைத்தோம். ஆனாலும் கங்கைக்கும் காவிரிக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது, ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மொத்தப் பேரும் அதில்தான் தலை வாரினார்கள். தலைமையாசிரியருக்கு அழகு நிலையம் கிடைத்தது, சுழல் நாற்காலியோடு. தலையில்லாத பொம்மை ஒன்று மாடியில் விட்டுப்போயிருந்தது. அறிவியல் ஆசிரியர் அதன் மேல் இதயம், நுரையீரல் எல்லாம் வரைந்து பாடம் நடத்தினார். நான் கணக்கு. எனக்கும் என் பத்தாம் வகுப்புக்கும் செல்போன் கடை. பழசைக் கொடுத்துப் புதுசை வாங்குங்கள் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விளம்பரம், எத்தனை சுரண்டியும் வரவில்லை. அதன் கீழேதான் நான் இருபடிச் சமன்பாடு நடத்தினேன்.

ஜன்னல் கிடையாது. கடைக்கு எதற்கு ஜன்னல்? ஷட்டரைத் தூக்கினால் எதிரே சாலை. வெளிச்சம், காற்று, தூசி, ஜீப் சத்தம் எல்லாம் அந்த ஒரே வழியாகத்தான் வரும். வெளியே இருப்பவர்களுக்கு நாங்களும் அப்படியே தெரிவோம்.

பழைய பள்ளிக்கு மதில் இருந்தது, கேட் இருந்தது. மலைக்காரர்கள் கேட்டோடு நின்றுவிடுவார்கள். உள்ளே வாங்க என்றால் ஒரு காலைப் பின்னால் எடுப்பார்கள். கடை அப்படி இல்லையே. கடைக்கு யாரும் வரலாம், நிற்கலாம், வாங்காமலும் போகலாம். அதனால் வந்தார்கள். ஒருவர் பாடத்தின் நடுவில் படியேறி வந்து ரீசார்ஜ் கேட்டார். இப்போது இது பள்ளிக்கூடம் என்றேன். அவர் பேசாமல் சுவர் விளம்பரத்தைக் கை நீட்டிக் காட்டினார். சந்தை நாளில் புளி மூட்டையோடு வரும் பெண்கள் படிக்கட்டில் உட்கார்ந்து, அவரவர் பிள்ளை எந்தப் பெஞ்சில் இருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டிப் பேசுவார்கள். பாடம் நடக்கும்போது பேசாதீர்கள் என்று பெற்றோர்களை அதட்டிய கணக்கு டீச்சர் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் மழைக்காலத்தில், சாரலுக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கலாம் என்று கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தேன். பிள்ளைகள் ஒரே குரலில் வேண்டாம் டீச்சர் என்றார்கள். நனைந்தாலும் பரவாயில்லையாம். ஏன் என்று அதட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

நான் அடிவாரத்து ஒடுகத்தூர்க்காரி. எங்கள் பக்கமும் அந்த வழக்கம் உண்டு. பிணம் தெருவோடு போகும்போது கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள், தாண்டியதும் ஏற்றிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார்கள். எங்கள் மலை முச்சந்தியில் அது வேறு மாதிரி. கடைக்கு வாடிக்கையான வீட்டில் சாவு விழுந்தால் காலையிலேயே ஷட்டர் பாதியில் நிற்கும், அடக்கம் முடிகிற வரைக்கும் ஏறாது. மேலே இருக்கும் ஊர்களில் செல்போன் டவர் கிடைக்காது. பாதி ஷட்டர்தான் அங்கே தந்தி. ஜீப்காரர்கள் பார்த்துக்கொண்டே போய் ஊர் ஊராகச் சொல்வார்கள். சேதி கேட்டவர்கள் இறங்கி வந்து எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். யார் என்று கேட்க மாட்டார்கள். சாவு வாசலில் கேட்பது மரியாதை இல்லை. உள்ளேயிருந்து ஒருவர் வந்து சொல்கிற வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் முறை. மாலில் கடைகள் நடந்த காலத்தில் இதையெல்லாம் நானே பார்த்திருக்கிறேன். ஆகவே கம்பியைத் திரும்ப வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் ஷட்டர்கள் முழுக்க ஏறியிருக்கும், அல்லது முழுக்க இறங்கியிருக்கும்.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். முச்சந்திக்கு மேலே, குறுக்குப் பாதையில் இறங்கி வரும் தூரத்தில் அவள் ஊர். கணக்கு அவளுக்கு வரும். வரும் என்றால், நான் பலகையில் மூன்றாவது வரி எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் விடையைக் கண்டுபிடித்துவிட்டு ஜன்னலில்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அலட்சியத்துக்கே நாலு போடலாம் போல இருக்கும். எனக்கு அவளைப் பிடிக்கும். பாரபட்சம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பொதுத்தேர்வு எழுதி அவள் மேலே படிக்க வேண்டும் என்று, அவள் ஆசைப்பட்டதற்கு முன்பே நான் ஆசைப்பட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை கழிந்த ஒரு சந்தை நாளில் அவள் அப்பா வந்தார். மற்றவர்கள் மாதிரி படியில் உட்காரவில்லை. சாலையிலேயே நின்று, ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என் வகுப்புக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டார். மகளைக் கண்டதும் முகம் சுருங்கியது. நான் வெளியே வந்தேன்.

"இன்னா டீச்சர் இது," என்றார். "பொட்டப் புள்ளிங்கள கடைல உக்கார வச்சிருக்கீங்க. ரோட்ல போறவன் வர்றவன்லாம் சாமான் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போறான்."

பார்த்தால் தேய்ந்துவிடுமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான், என் வாய் அப்படி. அவர் கோபப்படவில்லை. பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு கர்நாடகத்து காப்பி எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போவதாகவும், மகளும் வரப்போவதாகவும், அரையாண்டுப் பரீட்சையோடு படிப்பு போதும் என்றும் அமைதியாகச் சொன்னார். அவரும் மனைவியும் தோட்டத்துக்குப் போய்விட்டால் சோறு பொங்கவும் சின்னவனைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். பங்குனியில் பொதுத்தேர்வு. அதற்குள் அவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இவளை மாதிரிப் பிள்ளைகள் எப்போதோ ஒன்றுதான் வரும் என்றேன். உதவித்தொகை, விடுதி, கல்லூரி என்று என்னென்னவோ அடுக்கினேன். ஊரிலேயே இருக்கும் சின்னம்மா வீட்டில் விட்டுப் போகலாமே என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மனுஷன் பிடிவாதக்காரர் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அவர் பயந்திருக்கிறார்.

"வுட்டுட்டுப் போய்டலாம் டீச்சர். அது இஸ்கூலுக்குப் போச்சா, வந்துச்சா, இன்னா ஆச்சின்னு யாரு பாக்கறது?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சாயங்கால பஸ்ஸைப் பிடித்து அடிவாரத்துக்கு ஓடுகிறவள் எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தோன்றியதால் சும்மா இருந்துவிட்டேன்.

போகும்போது ஒன்று சொன்னார். அரையாண்டு வரைக்குமாவது ஷட்டரை இறக்கி வையுங்கள், முடியாவிட்டால் அவளைப் பின்னால் செவுத்தாண்ட உட்கார வையுங்கள். ஷட்டரை இறக்கினால் கும்மிருட்டு. ஆகவே அவளைக் கடைசிப் பெஞ்சில், கரண்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார வைத்தேன். சாலையிலிருந்து பார்த்தால் அவள் தெரிய மாட்டாள். அவள் பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஆனால் அன்றிலிருந்து விடையை எனக்கு முன்னால் கண்டுபிடிப்பதை நிறுத்திவிட்டாள். கண்டுபிடிக்காமல் இருந்திருக்க மாட்டாள், காட்டிக்கொள்ளவில்லை. அந்த இரண்டு மாதமும் பாடம் நடத்த எனக்கே பிடிக்கவில்லை.

இந்த விஷயத்தைத் தலைமையாசிரியரிடமும் சொல்லிவைத்தேன். அந்த வருடம்தான் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். யார் குறை சொன்னாலும் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று துடிப்பவர். ஏதாவது செய்கிறேன் என்றார்.

அரையாண்டுத் தேர்வு மார்கழியில் வந்தது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் நான் விடுப்பு எடுத்து வேலூர் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். ரொம்ப நாளாகப் படுத்திய பல். காலையில் எழுந்தால் ஒரு பக்கக் கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது, ரத்தம் மறுபடி கசிந்தது. பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு, தாமதமாக வர அனுமதி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மலை முழுக்க மூடுபனி. பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. குளிர் காற்று பட்டால் வலி காதுவரைக்கும் இழுத்தது. கண்ணில் தண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தேன்.

முச்சந்திக்குக் கொஞ்சம் முன்னால் வளைவில் ஒரு ஜீப் எதிரே வந்தது. ஜீப்காரர் எங்கள் டிரைவருக்கு நேராக நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாலு இஸ்கூல்ல மொத்த ஷட்டரும் பாதில நிக்குது."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வீங்கின முகம், வாயில் கைக்குட்டை, கண் நிறையத் தண்ணீர். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவர்களுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் என் தோளில் கை வைத்தாள். ஐயோ, பல் பிடுங்கினேன் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். பஞ்சுக்கு நடுவிலிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரியேதான் இருந்தது. அவளும் அழ ஆரம்பித்தாள்.

அதுவரைக்கும் எனக்கு எரிச்சல்தான் இருந்தது. பிறகு பயம் வந்தது. பிள்ளைகள் நனைந்தாலும் ஷட்டரைப் பாதி இறக்க விட மாட்டார்கள். அப்படியென்றால் ஏன் இறக்கியிருக்கிறது? முந்தின நாள் நான் இல்லை. யாருக்குக் காய்ச்சல் இருந்தது? குறுக்குப் பாதையில் பாம்பா? ஜீப்பில் தொங்கிக்கொண்டு வரும் பையன்களில் யாராவதா? ஒவ்வொரு பெஞ்சாக முகங்களை நினைத்துப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சுக்கு வரும்போது எழுந்து பஸ் வாசலுக்குப் போய்விட்டேன்.

பஸ் நின்றது. பனிக்குள் அந்தக் கட்டடத்தின் நீளத்துக்கும் ஒரே அளவில், இடுப்பு உயரத்தில் ஷட்டர்கள். சாலைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் குந்தியிருந்தது. தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை, யாரும் உள்ளே போய்க் கேட்கவும் இல்லை. முறைப்படி சொல்வதற்கு ஒருவர் வெளியே வர வேண்டும். யாரும் வரவில்லை. உள்ளே பிள்ளைகள் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த தலைமையாசிரியர், இன்று சந்தை போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, கேட்க எனக்கும் வாய் வரவில்லை என்பதுதான். பஞ்சு மட்டும் காரணம் இல்லை. மலையில் வேலை பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் அவர்களோடு மரத்தடியிலேயே நின்றுவிட்டேன்.

அப்போதுதான் மேலிருந்து குறுக்குப் பாதையில் அவள் அப்பா ஓடி வந்தார். கேழ்வரகுக் களத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார், தலையெல்லாம் தூசும் பதரும். மேலே போன இன்னொரு ஜீப் முதல் ஊரில் பள்ளிக்கூடத்தில் சாவு என்று சொல்லியிருக்கிறது. அடுத்த ஊரில் அது ஒரு பிள்ளை என்று ஆகியிருக்கிறது. அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தாம் வகுப்புப் பெண் என்றே ஆகிவிட்டது. சாலைக்கு இறங்கியவர் முதலில் பார்த்தது என்னைத்தான். என் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நான் கையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, தெரியாது என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

எல்லோரும் மாதிரி அவர் உட்காரவில்லை. நேராகச் சாலையைக் கடந்து படிக்கட்டுக்குப் போனார். பிள்ளைகள் செருப்பைப் படியில் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அந்தக் குவியலைக் கையால் கலைத்து, ஒரு ரப்பர் செருப்பை எடுத்தார். வார் அறுந்து, ஊக்குப் போட்டு மாட்டிய செருப்பு. அந்த ஊக்கைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான் என்று பிறகு அவள் சொன்னாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, என் வகுப்பின் முன்னால் தரையில் மண்டியிட்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கிருந்து முகம் தெரியாது. பெஞ்சுக்கு அடியில் கால்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். முன் வரிசைக் கால்கள், அடுத்த வரிசைக் கால்கள் என்று அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடினார். கடைசி வரிசை இருட்டில் இருந்தது. அவர் கேட்டு வாங்கிய இடம். கன்னத்தைச் சிமென்டுத் தரையில் வைத்துவிட்டார்.

பிறகு எழுந்தார். இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்து ஒரே தூக்கு. செருப்பு அப்போதும் கையில்தான் இருந்தது. அந்தச் சத்தம் மாலின் கடைசிக் கடைவரைக்கும் போனது. உள்ளே பிள்ளைகள் எல்லாம் பேனாவோடு நிமிர்ந்தார்கள். மீட்டர் பெட்டிக்குக் கீழேயிருந்து அவள் எழுந்து நின்றாள்.

"இன்னாப்பா?"

மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்னுமில்ல. நீ எழுது."

அதற்குள் மரத்தடிக் கூட்டம் சாலையைக் கடந்துவிட்டது. ஆளுக்கொரு ஷட்டராகத் தூக்கினார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரு பெயர் கூப்பிடப்பட்டு, ஒரு பிள்ளை எழுந்து நின்றது. சிலர் சிரித்தார்கள், சிலர் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தார்கள். தலைமையாசிரியர் சுழல் நாற்காலியிலிருந்து ஓடி வந்து, பரீட்சை நடக்கிறது, பரீட்சை நடக்கிறது என்று கத்தினார். நான் பஞ்சைத் துப்பிவிட்டு, புடவை முந்தானையெல்லாம் ரத்தமாக, அவருக்கு விஷயத்தை விளக்கினேன். மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வாடைக் காற்றில் விடைத்தாள்கள் பறந்ததால் இறக்கினாராம். பாதி இறக்கினால் வெளிச்சமும் வரும், சாலையிலிருந்து பெண் பிள்ளைகளும் தெரிய மாட்டார்கள், அந்த அப்பாவின் குறையும் தீரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பிள்ளைகள் முனகினார்களே என்றேன். பரீட்சை பயம் என்று நினைத்து அதட்டினேன் என்றார். அவர் மேல் கோபப்படத்தான் ஆசை. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவள் அப்பா பரீட்சை முடிகிற வரைக்கும் போகவில்லை. முதல்முறையாகப் படியில் உட்கார்ந்தார். மணி அடித்ததும் மகள் வெளியே வந்தாள். செருப்பைக் கீழே வைத்தார், அவள் மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் மேலே நடந்தார்கள். எஸ்டேட் பற்றி அன்று ஒரு பேச்சும் இல்லை. நானும் கேட்கவில்லை. இந்த நேரத்தில் கேட்டுச் சம்மதம் வாங்கினால் அது வழிப்பறி மாதிரி என்று தோன்றியது. அந்தக் கணக்குப் பரீட்சையில் அவள் முழு மதிப்பெண் வாங்கவில்லை. பாதியில் அப்பா வந்ததால் ஒரு கணக்கை விட்டுவிட்டாளாம். விட்டது விட்டதுதான் என்று சொல்லி நானும் அதற்கு மதிப்பெண் போடவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போய்விட்டார்கள் என்று முடிவு செய்தேன். அன்று ஒன்பதாம் வகுப்பில் காரணமே இல்லாமல் பாதிப் பேரை வெளியே நிற்க வைத்தேன். நான் சொல்லியும் கேட்கவில்லையே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். அதைவிட, கடைசிப் பெஞ்சில் அவள் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு ஜீப் மாலுக்கு எதிரில் வந்து நின்றது. மேலே பாய், சட்டி, மூட்டைகள். உள்ளே ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு. அதிலிருந்து அவரும், புத்தகப் பையோடு அவளும் இறங்கினார்கள். சின்னவன் அம்மா மடியிலிருந்து அக்காவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். அவனைப் பார்த்துக்கொள்ளத் தன் தங்கையைக் கூட்டிப்போவதாக அவர் சொன்னார். அவள் சின்னம்மா வீட்டில் இருப்பாள் என்றும் சொன்னார். சரிங்க என்றேன்.

அவர் போகாமல் நின்றார். என் வகுப்பை, ஷட்டர் முழுக்க ஏறிய அந்தக் கடையை, சாலையிலிருந்து ஒருமுறை பார்த்தார்.

"டீச்சர், அத முன்னால உக்கார வைங்க. ரோட்டுக்குத் தெரியற மாதிரி. நம்ம ஜீப்காரன் தெனம் இந்தாண்ட போவான். பாத்துச் சொல்லுன்னு சொல்லியிருக்கறேன்."

முதல் பெஞ்சின் சாலையோர ஓரத்தில் இருந்தவளைப் பின்னால் அனுப்பிவிட்டு, அவளை அங்கே உட்கார வைத்தேன். ஜீப் கிளம்பியது. வகுப்பு நேரத்தில் வெளியே பார்க்கக் கூடாது என்பது என் சட்டம். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார் என்று நானே அதட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு ஜீப் எங்கள் கடைக்கு எதிரில் வேகத்தைக் குறைக்கும். ஜீப்காரர் தலையை நீட்டி முதல் பெஞ்சின் ஓரத்தைப் பார்ப்பார், போவார். கீழ் வளைவில் டவர் கிடைக்கும், அங்கிருந்து எஸ்டேட்டுக்குப் போன் போடுவார். இருக்குது என்று ஒரே வார்த்தை சொல்வாராம். ஜீப்காரரோடு அது நிற்கவில்லை. கொஞ்ச நாளில் பஸ் டிரைவரும் பார்த்தார், சந்தைக்கு வருகிற பெண்களும் பார்த்தார்கள். ஒரு நாள் அவள் காய்ச்சலில் வராதபோது ரீசார்ஜ் கேட்டு வந்த அந்த மனிதர் படியேறி வந்து, இன்னிக்கு எங்கே அந்தப் பொண்ணு என்று என்னிடம் விசாரித்தார். அவளோ விடையை எனக்கு முன்னால் கண்டுபிடித்து, இந்த முறை சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

பொதுத்தேர்வு வந்தது. தேர்வு மையம் வேறு ஊரில். முதல் நாள் காலை இருட்டோடு பத்தாம் வகுப்பை வேனில் ஏற்றி அனுப்பினோம். அந்தக் கடையை இன்று மூடிவிடலாமே என்றார் தலைமையாசிரியர். திறந்திருக்கட்டும் சார் என்றேன். நான் பேக்கரியில் ஆறாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டவர் கிடைக்கிற மூலைக்கு, மாடிப்படி வளைவுக்கு, ஓடினேன்.

அவர்தான். எஸ்டேட்டிலிருந்து. ஷட்டரைத் தூக்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது குரல்.

"டீச்சர், கட தொறந்து கீதாம். பொண்ணக் காணோம்ன்றான்."

பரீட்சையும் கடையிலேயே நடக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"பொதுத்தேர்வுங்க. வேற ஊர்ல எழுதறாங்க. இந்நேரம் எழுதிட்டிருக்கும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தள்ளிப் போனது. போனை அணைக்கத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நடந்திருப்பார் போலிருக்கிறது. நானும் வைக்கவில்லை. யாரோ கன்னடத்தில் என்னமோ கேட்டார்கள். அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

"எம்பொண்ணு பரீட்ச எழுதுது."